திங்கட்கிழமைக் காய்ச்சலும் ஐப்பசிச் சளியும்

திருப்பூரில் வேலையை நாள் கணக்கில் சொல்ல மாட்டார்கள், ஷிப்ட் கணக்கில்தான் சொல்வார்கள். "இந்த வாரம் எத்தனைங்க?" என்றால் ஆறு என்று பதில் வராது, ஒன்பது என்று வரும். காலை எட்டரைக்குப் போய் ராத்திரி ஒன்பது வரை நின்றால் அது ஒன்றரை ஷிப்ட். ஆறு நாளைக்கு ஒன்பது. சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு, திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து. இந்தக் கட்டுரையில் வரும் நோயும் முதன்முதலாகப் பிடிபட்டது இப்படி ஒரு வாரக் கணக்கில்தான்.

இன்னொரு உள்ளூர்ச் சொல் 'சளி'. மூக்கு ஒழுகினாலும் சளி, நெஞ்சு கரகரத்தாலும் சளி. இருபது வருஷம் மில்லில் பஞ்சைச் சுவாசித்தவர் மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் நின்றாலும் "சளிதானுங்க, மழைக்கு அப்படித்தான்" என்பார்கள். சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. அன்றைக்கு அவருக்குச் சளி பிடித்திருக்கும், மழையும் பெய்திருக்கும். ஆனால் அதே மழையில் நனைந்து, அதே சளி பிடித்த பக்கத்து வீட்டுக்காரர் ஐந்து நாளில் எழுந்து வேலைக்குப் போய்விடுகிறார். இவர் ஆக்சிஜன் வைத்துப் படுத்திருக்கிறார். கிருமி ஒன்றுதான், விளைவு இரண்டு.

அப்படியானால் காரணம் எது, கிருமியா தூசியா? மருத்துவம் மட்டும் பேசித் தீர்த்த கேள்வி அல்ல இது. முந்நூறு வருஷமாக டாக்டர்களும் மில் முதலாளிகளும் அரசாங்கங்களும் மாற்றி மாற்றி இழுத்த கயிறு. ஒவ்வொரு முறையும் 'காரணம்' என்று எதை எழுதினார்களோ, அதை வைத்துத்தான் செலவு யார் தலையில் என்பதும் முடிவானது.

1. "என்ன வேலை பார்க்கிறாய்?"

1700-இல் இத்தாலியின் மோடெனாவில் பெர்னார்தினோ ராமசினி என்ற மருத்துவர் தொழிலாளர் நோய்களைப் பற்றி லத்தீனில் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஆளி, சணல் நாரைச் சீவுகிறவர்கள் ஓயாமல் இருமுவதையும் மூச்சிரைப்பதையும் அதில் எழுதியிருக்கிறார். அதைவிட முக்கியமாக ஒன்று செய்தார். நோயாளியிடம் கேட்கவேண்டியவை என்று ஹிப்போக்ரடிஸ் காலத்திலிருந்து வந்த கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார்: உன் தொழில் என்ன?

1831-இல் மான்செஸ்டரில் ஜேம்ஸ் கே என்ற இளம் மருத்துவர் நூற்பாலைத் தொழிலாளர்களின் நெஞ்சு நோயைத் தனியாக எடுத்து எழுதினார். பஞ்சுத் துகள் நுரையீரலை உரசி உரசிப் புண்ணாக்குகிறது, காசநோய்க்கே அது வழி வகுக்கிறது என்பது அவர் கருத்து. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடிக்க இன்னும் 51 வருஷம் இருந்தது. ஆகவே கே சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. ஆனால் தூசி ஒரு பக்கம், தொற்று ஒரு பக்கம் என்று பிரிக்காமல் இரண்டையும் சேர்த்து யோசித்த ஆரம்பகால ஆட்களில் அவர் ஒருவர்.

இந்த நோய்க்கு இன்றுள்ள பெயர் பிசினோசிஸ். மெல்லிய ஆளித் துணியைக் குறிக்கும் 'பிசோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1877-இல் அந்தப் பெயரை வைத்தவர் பாரிஸ் மருத்துவர் அட்ரியன் ப்ரூஸ்ட். ஆம், நாவலாசிரியர் மார்செல் ப்ரூஸ்டின் அப்பாதான். மகனுக்குச் சிறுவயது முதல் ஆஸ்துமா. 1922-இல் அவர் இறந்ததும் நெஞ்சுத் தொற்று முற்றித்தான்.

2. ஞாயிறு போய் திங்கள் வந்தால்

தாமதமாகத்தான் சட்டம் வந்தது. பிசினோசிஸுக்கு இழப்பீடு தர பிரிட்டன் 1940-இல் சட்டம் இயற்றியது. ஆனால் நிபந்தனை கடுமை: பஞ்சு அறைகளில் குறைந்தது 20 வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும், முழுதாக முடங்கியிருக்க வேண்டும், ஆணாகவும் இருக்க வேண்டும். ஏன் இத்தனை இறுக்கம்? முற்றிய நிலையில் பிசினோசிஸும் சாதாரண நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சியும் ஒரே மாதிரி இருக்கும். எக்ஸ்ரேயில் பிரித்துச் சொல்ல முடியாது. "மான்செஸ்டர் குளிருக்கு எல்லோருக்கும் வருவதுதானே" என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

1950-களில் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற மருத்துவர் லங்காஷயர் மில்களுக்குப் போனார். நோய் ஒழிந்துவிட்டது என்று பலர் நம்பிக்கொண்டிருந்த நேரம். கார்டிங் அறையில், அதாவது பஞ்சைச் சீவி இழையாக்கும் இடத்தில், நோய் அப்படியே இருந்தது. அவருடைய கருவி ரொம்ப எளிமையானது: எந்தக் கிழமை நெஞ்சு இறுக்குகிறது என்று கேட்டார். திங்கள் என்றார்கள். ஞாயிறு ஓய்வு முடிந்து உள்ளே போன முதல் நாள் நெஞ்சு இறுக்கம், இருமல், சிலருக்குக் காய்ச்சல். செவ்வாய், புதனில் தணிந்துவிடும். வருஷங்கள் போனால் செவ்வாயும் இறுக்கும், பிறகு வாரம் முழுக்க, கடைசியில் லீவு நாளிலும். இதையே நோயின் படிநிலைகளாக அவர் வகுத்தார். மழைக்காலச் சளிக்குத் திங்கட்கிழமை என்று ஒன்று தெரியாது. தூசிக்குத் தெரியும்.

நம் ஊரில் திங்கட்கிழமை வேலைக்கு வராதவரைப் பற்றி முதலில் எழும் சந்தேகம் ஞாயிற்றுக்கிழமைச் சரக்கு. பல பேர் விஷயத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். மில்லில் கார்டிங்கிலோ புளோ ரூமிலோ நிற்கிறவர் என்றால், வேறொரு கேள்வியும் கேட்டுப் பார்க்கலாம்.

ஏன் திங்கள்? விடை பஞ்சின் மேல் வாழும் பாக்டீரியாவில் இருந்தது. செடியிலேயே, குறிப்பாகக் காய்ந்து நொறுங்கிப் பஞ்சோடு கலக்கும் இலைத் துணுக்குகளில், கிராம்-நெகட்டிவ் வகை பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவை செத்தாலும் அவற்றின் செல் சுவரில் உள்ள எண்டோடாக்சின் என்ற பொருள் சாவதில்லை. அது மூச்சுக்குழலில் பட்டதும் உடம்பு கிருமி வந்துவிட்டது என்று நினைத்துப் போருக்குக் கிளம்புகிறது. தினமும் பட்டால் மரத்துப்போகும். ஒருநாள் இடைவெளி விட்டால் மறுபடி விழித்துக்கொள்ளும். அமெரிக்காவில் மாதிரி கார்டிங் அறை ஒன்றில் தன்னார்வலர்களை உட்காரவைத்துச் செய்த சோதனையின் முடிவு 1987-இல் வெளியானது. மூச்சுத்திறன் குறைந்ததற்குக் காற்றிலிருந்த தூசியின் எடையோடு அல்ல, எண்டோடாக்சின் அளவோடுதான் நெருங்கிய பொருத்தம் இருந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிக்கலாம். தூசியா கிருமியா என்று இவ்வளவு நாள் சண்டை. கடைசியில் பார்த்தால் தூசிக்குள்ளேயே கிருமியின் பிணம். கார்டிங் அறையில் நிற்பவரின் நுரையீரல், கிருமியே இல்லாத ஒரு தொற்றோடு வாரத்துக்கு ஆறு நாள் போராடுகிறது. அதன்பிறகு ஐப்பசியில் நிஜமான வைரஸ் வருகிறது.

3. பனிப்புகையும் ஃப்ளூவும்

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை நிலக்கரிப் புகை மூடியது. சுமார் 4,000 பேர் கூடுதலாக இறந்தார்கள். புகை விலகிய பிறகும் மார்ச் வரை சாவு எண்ணிக்கை வழக்கத்தைவிட அதிகமாகவே இருந்தது. அந்தப் பிற்பட்ட சாவுகளுக்கு அரசு சொன்ன காரணம் இன்ஃப்ளூயன்ஸா. அரை நூற்றாண்டு கழித்து, 2001-இல், மிஷல் பெல், தேவ்ரா டேவிஸ் இருவரும் கணக்கை மறுபடி போட்டபோது மொத்தம் சுமார் 12,000 வந்தது. அடுத்து வந்த ஆய்வில், ஃப்ளூவால் அதில் ஒரு சிறு பகுதியை மட்டுமே விளக்க முடிந்தது. கிருமியின் பேரைச் சொல்லிப் புகை தப்பித்துக்கொண்ட கதை இது.

எதிர்த்திசையிலும் ஒரு கதை உண்டு. அந்தக் காலத்து பிரிட்டிஷ் மருத்துவர்களில் பலர், அடிக்கடி வரும் நெஞ்சுத் தொற்றுதான் நுரையீரலைப் படிப்படியாக அழிக்கிறது என்று நம்பினார்கள். சார்லஸ் ஃப்ளெட்சர் குழு லண்டனில் வேலைக்குப் போகும் சுமார் 800 ஆண்களை 1961 தொடங்கி 8 வருஷம் தொடர்ந்து அளந்தது. 1976-இல் புத்தகமாக வந்த முடிவு: அழிப்பது சிகரெட், தொற்று வந்தால் மூச்சு தற்காலிகமாகக் குறையும், பிறகு சரியாகிவிடும். சிகரெட்டைப் பற்றி அவர்கள் சொன்னது கல்லில் எழுதியது மாதிரி நின்றுவிட்டது. அதோடு தொற்றும் கால் நூற்றாண்டு ஓரங்கட்டப்பட்டது. ஆனால் அளந்தது யாரை? இன்னும் வேலைக்குப் போகத் தெம்பிருந்தவர்களை. ஏற்கெனவே பாதி நுரையீரல் போனவர்களுக்கு அந்த 'பிறகு சரியாகிவிடும்' பொருந்துமா என்பது கேட்கப்படாமலே போனது.

கேட்டது கிழக்கு லண்டன். 1990-களில் ஜட்விகா வெட்ஸிகாவின் குழு சி.ஓ.பி.டி. நோயாளிகளிடம் டைரியைக் கொடுத்துத் தினமும் எழுதச் சொன்னது. (நாட்பட்டு மூச்சுக்குழல் சுருங்கி, காற்று வெளியேறத் திணறும் நோய்க்கூட்டத்துக்கு இன்று பொதுப்பெயர் சி.ஓ.பி.டி.) டெரன்ஸ் சீமுங்கல் முதலாசிரியராக 2001-இல் வந்த கட்டுரையின்படி, நோய் திடீரென்று முற்றிய 168 தடவைகளில் 64 சதவீதத்துக்கு முந்தைய 18 நாளுக்குள் சாதாரண ஜலதோஷம் வந்திருந்தது. 39 சதவீதத்தில் வைரஸே பிடிபட்டது. அதில் பாதிக்கு மேல் ரைனோ வைரஸ், குழந்தைகள் பள்ளியிலிருந்து கொண்டுவரும் அதே மூக்கொழுகல். அதே குழு அதற்கு முந்தைய வருஷம் இன்னொன்றையும் காட்டியிருந்தது: கால்வாசித் தடவைகளில் 35 நாள் கழித்தும் மூச்சு பழைய அளவுக்குத் திரும்பவில்லை. 2002-இல், அடிக்கடி முற்றுகிறவர்கள் ஒரு நொடியில் ஊதித் தள்ளும் காற்றில் வருஷத்துக்கு 40 மில்லி இழக்க, மற்றவர்கள் 32 மில்லி இழந்தார்கள் என்று கணக்குக் காட்டியது. எட்டு மில்லி என்பது இரண்டு தேக்கரண்டிகூட இல்லை. பத்து வருஷத்தில் மாடிப்படிக்கும் தரைக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

அதே 2002-இல் அமெரிக்காவின் பஃபலோவில் சஞ்சய் சேத்தி, நுரையீரலில் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாவின் புதிய வகை ஒன்று உள்ளே வரும்போது நோய் முற்றும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் ஆகிறது என்று காட்டினார். அவர் பார்த்த பாக்டீரியாக்களில் ஒன்றின் பெயர் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸே. ஃப்ளூவுக்கு இதுவே காரணம் என்று 1892-இல் தப்பாக நினைத்து வைத்த பெயர், இன்றுவரை மாறவில்லை. 2011-இல் லண்டனில் சி.ஓ.பி.டி. உள்ள 13 பேர் மூக்கில் சம்மதத்தோடு ரைனோ வைரஸை விட்டுப் பார்த்தார்கள். ஜலதோஷம் வந்தது, பின்னாலேயே நெஞ்சும் மோசமானது. சந்தேகம் அதோடு தீர்ந்தது. கடைசிச் சாட்சி நாம் எல்லோரும் பார்த்தது: 2020-இல் முகக்கவசமும் விலகலும் வந்தபோது சி.ஓ.பி.டி. முற்றி ஆஸ்பத்திரியில் சேருவது பல நாடுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

4. ஒரு ஃபைல்

என் பெரியப்பா பல்லடம் பக்கம் ஒரு மில்லில் 22 வருஷம் இருந்தவர், பெரும்பாலும் கார்டிங்கில். பீடி ஒருகாலத்தில் குடித்தார், எப்போதோ விட்டார். போன வருஷம் அவருடைய மருத்துவச் சீட்டுகளை எல்லாம் போனில் படமெடுத்து ஒரு எக்செல்லில் ஏற்றினேன். என் தொழில் புத்தி அது. சர்வர் படுத்துவிட்டால் முதலில் லாகை நேரப்படி அடுக்குவோம். தள்ளியது எது, தள்ளினால் விழுகிற நிலைக்குக் கொண்டுவந்தது எது என்று இரண்டு வரி எழுதாமல் அறிக்கையை மூட விடமாட்டார்கள்.

ஏழு வருஷத்தில் பதினோரு முற்றல். எட்டு, ஐப்பசிக்கும் தைக்கும் நடுவில். தேதிகளைப் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மூக்கொழுகலை ஞாபகம் வைத்திருக்கிறார்: "அது தீபாவளிக்கு எல்லோரும் வந்தப்ப, சின்னவளுக்குக் காய்ச்சல்." "அது பேரன் எல்.கே.ஜி. சேர்ந்த வருஷம்." கிழக்கு லண்டன் டைரிகளைப் பெரியம்மா மனசிலேயே எழுதிவைத்திருந்தார்.

சீட்டுகளில் இருந்தது ஆன்டிபயாடிக், இருமல் டானிக், நெபுலைசர், ஊசி. நான்கில் 'பீடி' என்று குறிப்பு. 'மில்' என்று ஒன்றில்கூட இல்லை. ஐந்து வெவ்வேறு இடங்கள், வெவ்வேறு டாக்டர்கள். நல்ல மனிதர்கள், நெரிசலில் நின்று வைத்தியம் பார்க்கிறவர்கள். அந்த ராத்திரிக்கு வேண்டியதைச் செய்தார்கள், மூச்சும் திரும்பியது. தள்ளியது எது என்ற வரி பதினோரு தடவை எழுதப்பட்டிருக்கிறது. மற்ற வரி எழுதப்படவே இல்லை.

5. நிறமில்லாத கழிவு

அமெரிக்காவில் அந்த இரண்டாவது வரியை எழுதவைக்க ஓர் இயக்கமே தேவைப்பட்டது. கரோலினா மாநிலங்களின் மில் தொழிலாளர்கள் 1970-களில் 'பழுப்பு நுரையீரல்' சங்கம் வைத்துப் போராடினார்கள். நூற்பு அறையில் ஒரு கன மீட்டர் காற்றில் பஞ்சுத் தூசி 200 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று 1978-இல் அரசு விதித்தது. முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 1981-இல் உச்ச நீதிமன்றம் விதியை உறுதி செய்தது. அடுத்த இருபது, முப்பது வருஷத்தில் நூற்பும் தையலும் பெரும்பங்கு ஆசியாவுக்கு வந்துவிட்டன. ஆர்டர் வந்தது, நூல் வந்தது, தூசியும் கூடவே வந்தது.

கொங்கு நாட்டில் தூசி அதற்கு முன்பே உண்டு. கோவையில் ஸ்டேன்ஸ் மில் 1888-இல் தொடங்கியது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபிறகு மில்கள் பெருகின. இங்கே இந்த நோய் இல்லை என்ற பேச்சு பலகாலம் இருந்தது. பம்பாய், அகமதாபாத் மில்களில் நடந்த ஆய்வுகள் அதை உடைத்தன. ஷாங்காயில் பஞ்சு மில்காரர்களையும் பட்டு மில்காரர்களையும் 1981-லிருந்து பல பத்தாண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு, பஞ்சில் நின்றவர்களின் மூச்சு வேகமாகச் சரிந்ததையும், தூசியைவிட்டு விலகிய பிறகு சரிவு மட்டுப்பட்டதையும் காட்டியது. இந்தக் கடைசிப் பாதி நல்ல செய்தி. விலகினால் பலன் உண்டு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பனியன் கம்பெனியில் தைக்கிறவரும் மில் கார்டிங்கில் நிற்கிறவரும் சுவாசிப்பது ஒரே தூசி அல்ல. எண்டோடாக்சின் அதிகம் இருப்பது கழுவாத, சாயம் காணாத கச்சாப் பஞ்சில். நிட்டிங், கட்டிங் கூடங்களில் பறப்பது பெரும்பாலும் நீளமான நாருப்பொடி; மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். ஆபத்து கூடும் இடங்கள் புளோ ரூம், கார்டிங். அப்புறம், மில் கழிவுப் பஞ்சை வாங்கி மறுபடி நூலாக்கும் ஓ.இ. மில்களும் கழிவைத் தரம் பிரிக்கும் கொடோன்களும். நல்ல மில்லில் உறிஞ்சும் குழாய் தூக்கிப்போடும் தூசிதான் அங்கே மூலப்பொருளோடு வந்து இறங்குகிறது.

நொய்யலில் சாயம் ஓடியபோது தண்ணீரின் நிறம் ஊருக்கே தெரிந்தது. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே விவசாயிகள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது, ஊரே ஸ்தம்பித்தது. கூரைக்குக் கீழே இருக்கும் காற்றுக்கு அப்படி ஒரு நிறம் கிடையாது. அதற்கு இருக்கும் ஒரே சாட்சி மருத்துவச் சீட்டு. அதில் 'சளி' என்று மட்டும் இருந்தால் வழக்கே இல்லை.

இத்தனைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் பிசினோசிஸ், மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோயாக இருந்தது. 2020-இன் புதிய சட்டத் தொகுப்பும் அதை விட்டுவிடவில்லை. இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் உண்டு. ஆனால் ஆள் குறைவான கொடோனும் தறிக்கூடமும் 'தொழிற்சாலை' என்ற சொல்லுக்குள்ளேயே வராது. மில்லுக்கு மில் மாறுகிறவர், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து ஒரு அறையில் எட்டுப் பேராகப் படுக்கிறவர், எத்தனை வருஷம் எங்கே நின்றார் என்று காட்டத் தாள் வைத்திருக்க மாட்டார். அந்த எட்டுப் பேர் அறையில்தான் ஒருவருக்கு வந்த ஜலதோஷம் மூன்றாம் நாள் எல்லோருக்கும் வருகிறது. சொந்தச் செலவில் தூசியும் தொற்றும் ஒரே கூரைக்குக் கீழே.

உலக மக்கள்தொகையில் 18 சதவீதம் இருக்கும் இந்தியா, நாட்பட்ட சுவாச நோய்களால் உலகம் இழக்கும் ஆரோக்கிய வருஷங்களில் 32 சதவீதத்தைச் சுமப்பதாக 2016-க்கான கணக்கு சொல்கிறது. இதில் பீடி உண்டு, விறகடுப்பு உண்டு, பழைய காசநோய் விட்டுச்சென்ற தழும்பு உண்டு. பெருந்துறையில் 'சானடோரியம்' என்ற இடப்பெயரே அந்தக் காலத்து டி.பி. ஆஸ்பத்திரியின் மிச்சம். பஞ்சு இவற்றோடு ஒன்றாக, பெரும்பாலும் பெயர் சொல்லப்படாத ஒன்றாக, இருக்கிறது.

6. இரண்டு வரி

தூசியைப் பேசினால் தொற்றை மறந்துவிட வேண்டும் என்பதில்லை. 2010-இல் வந்த, 2,138 பேரை மூன்று வருஷம் கவனித்த ஆய்வின்படி, ஒருவருக்கு நோய் மறுபடி முற்றுமா என்பதைச் சொல்லும் ஆகச்சிறந்த அடையாளம் முன்பு முற்றியிருப்பதுதான். ஆக, முதல் தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நாள் வியாதி முடிந்த நாள் அல்ல, எச்சரிக்கை வந்த நாள். மழைக்கு முன்னால் ஃப்ளூ தடுப்பூசி, டாக்டர் சொன்னால் நிமோனியா தடுப்பூசி, "பழகிடும்" என்று பயந்து நிறுத்தாமல் தினமும் இன்ஹேலர், வீட்டில் யாருக்கு மூக்கொழுகினாலும் பெரியவர் பக்கம் போகாமல் ஒரு மாஸ்க். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் கேட்காது. ஆனால் சளி மஞ்சளாகி, அளவு கூடி, மூச்சும் வாங்கினால் அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும். இதெல்லாம் முதல் வரிக்கான வேலை, வீட்டிலேயே தொடங்கலாம்.

இரண்டாவது வரிக்கு ஒரு கேள்வி போதும். அடுத்த தடவை பெரியப்பாவைக் கூட்டிப்போனபோது, டாக்டர் கேட்பதற்கு முன் நானே சொன்னேன்: "சார், மில்லுல கார்டிங், 22 வருஷம்." அவர் நிமிர்ந்து பார்த்தார். "திங்கட்கிழமைல நெஞ்சு இறுக்குமா, அப்ப?" என்று பெரியப்பாவிடம் கேட்டார். பெரியப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "எல்லாருக்கும் இறுக்குமுங்க," என்றார். "ஞாயித்துக்கிழமை சும்மா இருந்த உடம்பு, வேலைக்கு வளைய மாட்டேங்குதுன்னு சொல்லிக்குவோம்."

டாக்டர் எழுதினார். சீட்டின் மேல் மூலையில், பேருக்கும் வயசுக்கும் பக்கத்தில், ஒரே ஒரு வரி. ராமசினி கேட்கச் சொல்லி 300 வருஷத்துக்கு மேல் ஆகிறது. எழுத நான்கு நொடிகூட ஆகவில்லை.